உங்க தலை எங்க வந்துதுங்க?

எங்கள் கட்டடத்தில் யாருக்கும் பெயர் கிடையாது, நம்பர்தான். ஏழாம் நம்பரில் குழாய் ஒழுகும். மூன்றாம் நம்பர் ஸ்கூட்டரை வழியிலேயே நிறுத்தும். ஐந்தாம் நம்பர் மீட்டிங்குக்கு வராது, வந்தால் மற்றவர்களைப் பேசவிடாது. பூனாவின் விஷ்ராந்த்வாடியில் ஆளந்தி ரோட்டை விட்டு இரண்டு திருப்பம் உள்ளே, லிஃப்ட் இல்லாத நாலு மாடிக் கட்டடம். தொண்ணூறுகளின் நடுவில் தொடங்கிப் பல வருஷம் நான் அதற்குச் செகரட்டரியாக இருந்தேன். பகலில் பாங்கு வேலை, சாயங்காலம் இந்த வேலை. சொசைட்டி செகரட்டரி என்பவன் வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி. குறையெல்லாம் அவன் காதுக்கு வந்துவிடும், நல்ல வார்த்தை ஒன்று வராது.

நான் சொல்ல வந்தது பதினோராம் நம்பர் அம்மாவைப் பற்றி. லோஹேகாவ் விமானப்படை நிலையத்தில் வேலை பார்த்தவரின் மனைவி. கோயம்புத்தூர்ப் பக்கம். சண்டை போட்டாலும் வாக்கியத்துக்கு ஒரு 'ங்க' போட்டுத்தான் போடுவார். முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு, ஊருக்குள் இருந்த ஒரு கல்லூரியில் கலை வரலாறு எம்.ஏ. சேர்ந்திருந்தார். உலகத்தின் எந்த மூலையில் யார் எதை வரைந்தார்கள், எதைச் செதுக்கினார்கள், எதை நெய்தார்கள், அதையெல்லாம் ஜனங்கள் எப்படிப் பார்த்தார்கள் என்று படிக்கிற படிப்பு. அதைப் படித்து என்ன ஆகப் போகிறது என்று கட்டடத்தில் எல்லா வீடும் கேட்டாயிற்று. நானும் கேட்டேன்.

"என்னாகும்னு முன்னாடியே தெரிஞ்சா எதுக்குங்ணா படிக்கோணும்" என்றார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எதைப் பற்றிச் சொன்னாலும் முதல் கேள்வி, "எவ்வளவு பெருசுங்க?" என்பதுதான். நல்லதா கெட்டதா, அழகா அசிங்கமா என்பதெல்லாம் பிறகு. என் மனைவியின் தங்கைக்குக் குழந்தை பிறந்த செய்தியைச் சொன்னபோது ஆணா பெண்ணா என்று கேட்காமல், "எவ்வளவு நீளமுங்க அக்கா?" என்று கேட்டார். என் மனைவி இரண்டு நாள் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அமெரிக்காவிலிருந்து வந்த என் மச்சினன் அவரிடம் மாட்டிக்கொண்டது தனிக் கதை. அவன் பெரிய பெரிய மியூசியம் எல்லாம் சுற்றிவிட்டு, போட்டோ ஆல்பத்தோடு எங்கள் வீட்டில் உட்கார்ந்து பெருமை அடித்துக்கொண்டிருந்தான். பதினோராம் நம்பர் அம்மா ஒரு படத்தில் விரலை வைத்தார். எகிப்துக் கல்சிலை ஒன்று.

"இதுக்குக் கிட்டப் போய் நின்னீங்களா?"

"நின்னேனே. நான்தான் எடுத்த போட்டோ."

"உங்க தலை எங்க வந்துதுங்க? அதோட முட்டிக்கா, இடுப்புக்கா?"

மச்சினன் யோசித்தான். நிஜமாகவே அவனுக்குத் தெரியவில்லை. கேமராவைப் பார்த்தேன், சிலையைப் பார்த்தேனா என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்த அம்மாவுக்கு அவனைக் கிண்டல் செய்யும் எண்ணமே இல்லை. அவ்வளவு தூரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தவரிடம் தெரிந்துகொள்ளலாம் என்று வந்தவர், வெறுங்கையோடு போனார். அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் கோபுரத்தின் பக்கத்தில் போய்த் தன் தலைக்கு மேல் கையை வைத்துப் பார்க்கிற பழக்கம் மச்சினனுக்கு வந்துவிட்டது.

அவரை எனக்கு முதலில் தெரியவந்தது ஒரு புகாரால்தான். முதல் மாடி மராத்தி மாமி வந்து, "மொட்டை மாடி முழுக்க யாரோ சாக்பீஸில் கிறுக்குகிறார்கள், ரங்கோலிப் போட்டிக்கு இப்போதே பயிற்சி போலிருக்கிறது" என்றார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்டுவிட்டுப் படுக்கலாம் என்று இருந்தவன், கடுப்போடு நாலு மாடி ஏறினேன்.

மாடிப்படி முடிகிற இடத்தில் இருக்கும் அறையின் வெளிச்சுவரில், ஒரு நாற்காலி போட்டு ஏறி நின்று, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு சாக்பீஸால் பெரிய வளைவு ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தார். நுனியில் முடிச்சுப் போட்ட நீளக் கயிறு தோளில் கிடந்தது.

"என்னம்மா இது?"

"தலைங்ணா."

"யார் தலை?"

"மெக்சிகோக்காரங்க செஞ்ச கல்லுத் தலைங்க. மூவாயிரம் வருஷமாவது இருக்கும்ங்கறாங்க. உடம்பு கெடயாதுங்க, வெறுந்தலதான். ஒரே கல்லு."

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பார்கள், அதை அந்த ஊர்க்காரர்கள் அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியிலிருந்து இறங்கி, "கொஞ்சம் கிட்ட வந்து நில்லுங்ணா" என்றார். திட்டுவதற்குப் போனவன் நான். போய் நின்றேன்.

என் முகத்துக்கு நேரே அதன் மூக்கு வந்தது. உதடு என் மார்பளவில் இருந்தது. கண்ணைப் பார்க்க நான் நிமிர வேண்டியிருந்தது. வெறும் சாக்பீஸ் கோடுதான், ஆனால் எனக்குப் பயமாக இருந்தது. பின்னால் நகர்ந்துவிட்டேன்.

"ஆச்சுங்களா? இந்த ரெண்டு எட்டு பின்னாடி போனீங்க பாருங்க, அது புஸ்தகத்துல இல்லீங்க" என்றார் அவர்.

பிறகு கீழே வைத்திருந்த புத்தகத்தைத் திறந்து காட்டினார். கல்லூரி நூலகத்துப் புத்தகம், தூக்கினால் கை வலிக்கிற கனம். ஒரு பக்கத்தில் ஒரு முகலாய ஓவியம், பக்கம் நிறைய. "இது நெசத்துல உங்க பாங்கு பாஸ்புக் அளவுதானுங்க இருக்கும். பெருசு பண்ணிப்போட்டாங்க." எதிர்ப் பக்கத்தில் மூலையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு படம், புத்தர் உட்கார்ந்திருக்கிறார். "இது திபெத்து. பட்டுத் துணிய வெட்டி ஒட்டித் தெச்சது. வருஷத்துல ஒரு நாள் மலச்சரிவுல விரிப்பாங்க. நம்ம கட்டடத்த ஒன்னு மேல ஒன்னா நாலஞ்சு அடுக்கினாத்தான் அந்த உசரம் வரும். இங்க எப்படி இருக்குது பாருங்க. பாஸ்புக்கு பெருசாயிருச்சு, மலை சிறுசாயிருச்சு. இத வெச்சு நாங்க அழகு பேசறோம். அளவு தெரியாம அழகு பேசக்கூடாதுங்ணா."

படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இரண்டு எண் போட்டிருந்தது. அந்த எண்ணைத்தான் அவர் கயிற்றில் அளந்து சாக்பீஸில் போட்டுக்கொண்டிருந்தார்.

மறுவாரம் கமிட்டி கூடியது. மொட்டை மாடி துணி உலர்த்தவும் அப்பளம் காயவைக்கவும்தானே தவிர மெக்சிகோவுக்கு இல்லை என்று ஐந்தாம் நம்பர் முழங்கினார். நான் தீர்ப்புச் சொல்வதற்குள் அந்த அம்மாவே எழுந்து, "ஏனுங்க, அப்பளம் காயப்போடறதுக்கு எடந்தானுங்க வேணும்? நானே பிரிச்சுக் குடுத்தர்றேன்" என்றார். கொடுத்தும் விட்டார். மாடியின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டிருந்தது அவர் சாக்பீஸில் போட்ட ஒரு பாரசீகக் கம்பளம். அதன் ஓரக்கரையையும் நடுவட்டத்தையும் கோடு போட்டு, எந்தக் கட்டம் யாருக்கு என்று சொல்லிவிட்டார். அந்தக் கோடைக்காலம் முழுக்க எங்கள் கட்டடத்துப் பெண்கள், "என் வடாம் கம்பளத்துக் கரையில, உங்க குர்டயி வத்தல் நடுவட்டத்தில" என்று பேசிக்கொண்டார்கள். பல வருஷமாக இடத்துக்காக நடந்த சண்டை, ஈரான் தலையிட்டதும் தீர்ந்தது.

என் மனைவியை அவர் வளைத்துப்போட்டது ஜப்பானை வைத்து. அங்கே வீட்டுக்குள் நிறுத்துகிற மடிப்புத் திரை ஒன்று உண்டாம், ஆறு மடிப்பு, அதில் நதி, நாணல், கொக்கு எல்லாம் வரைந்திருப்பார்கள். புத்தகத்தில் அதை நீட்டிப் பரத்தித் தட்டையாகப் போட்டுவிடுகிறார்கள். இவர் கொடியில் ஆறு பெட்ஷீட்டை வளைத்து வளைத்து மடிப்பாகவே தொங்கவிட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு காகிதக் கொக்கைக் குத்தி, என் மனைவியை அதன் ஓரமாக நடக்கச் சொன்னார். நடக்க நடக்க ஒரு கொக்கு மறைந்தது, அடுத்தது வந்தது. எங்கள் வீட்டு ஆறு பெட்ஷீட்டும் அதில் போயிருந்தன.

"ஏங்க, இங்க வாங்களேன். நடந்து பாருங்க. கொக்கு பறக்கற மாதிரியே இருக்கு" என்று என் மனைவி என்னைக் கூப்பிட்டாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் என்னை எதற்கும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நான் நடந்தேன். லோஹேகாவிலிருந்து கிளம்பின போர் விமானம் ஒன்று தலைக்கு மேல் போய்ப் பேச்சே கேட்காமல் செய்தது. சத்தம் அடங்கும்வரை நாங்கள் மூன்று பேரும் அந்தத் திரை ஓரமாகவே நடந்துகொண்டிருந்தோம்.

அந்தக் கயிறு எங்கிருந்து வந்தது என்று அவர் கணவர்தான் சொன்னார். அதிகம் பேசாத மனுஷர். யாராவது கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுவார்.

"ஜோர்ஹாட், பீதர், தாம்பரம், அப்புறம் இங்க. எந்த ஊருக்குப் போனாலும் குவார்ட்டர்ஸ் கதவத் தொறந்ததும் பால் காய்ச்ச மாட்டா சார். கயித்த எடுத்துருவா. கட்டில் போகுமா, பெட்டி போகுமா, பீரோ திரும்புமான்னு அளந்து தரையில கோடு போட்டுட்டுத்தான் சாமான எறக்கவே விடுவா."

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே ஒன்று சேர்த்துச் சொன்னார். "பீதர்ல பி.எட். சேந்தா. பாதியில போஸ்டிங் வந்துருச்சு. தாம்பரத்துல ஒரு எம்.ஏ. அதுவும் பாதியில. எம் பொழப்பு அப்படி. ரெண்டு படிப்ப ரெண்டு ஊர்ல எறக்கி வெச்சிட்டு வந்துட்டா."

மூன்றாவதும் அப்படி ஆகிவிடக் கூடாது என்பதுதான் அந்த வீட்டின் ஒரே வேண்டுதல். அவர்கள் அதைப் பேசிக்கொள்ளவே மாட்டார்கள், ஆனால் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

கடைசி வருஷம் ஆய்வேடு எழுத வேண்டும். அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர் மராத்திக்காரர், நல்ல மனிதர், நறுவிசானவர். அஜந்தா பக்கத்தில்தானே இருக்கிறது, அதை எடுத்துக்கொள் என்றிருக்கிறார். இவர், இல்லை, அளவைப் பற்றித்தான் எழுதுவேன், உலகத்தின் நாலு பக்கத்திலிருந்தும் நாலு பொருளை எடுத்துக்கொண்டு, புத்தகம் அவற்றின் அளவை என்ன செய்கிறது என்று எழுதுவேன் என்றிருக்கிறார். இதெல்லாம் எங்கள் வீட்டுச் சமையலறையில் காப்பி குடித்துக்கொண்டே அவர் சொன்னது.

"நீ இதுல ஒன்னையும் நேர்ல பாத்ததில்லியே, பாக்காததப் பத்தி எப்படி எழுதுவேன்னாருங்க அக்கா. நான் கேட்டனுங்க, சார், நீங்க அந்த மெக்சிகோத் தலையப் பாத்திருக்கீங்களான்னு. இல்லைன்னாரு. அப்ப எங்களுக்கு ரெண்டு வருஷமா ஸ்லைடு போட்டுப் பாடம் எடுத்தீங்களேன்னேன்."

"ஐயையோ" என்றாள் என் மனைவி.

"அப்புறம் சிரிச்சுட்டாரு. சரி எழுதுன்னுட்டாரு. பூனாவுல இருந்துக்கிட்டு உலகத்தப் படிக்கறவங்க எல்லாருமே பாக்காததத்தானுங்க்கா படிக்கறோம். அத ஒளிச்சு வெச்சுட்டுப் படிக்கறதா, சொல்லிப்போட்டுப் படிக்கறதா?"

சிரித்தாரே தவிர, பேராசிரியர் ஒரு இடத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. திபெத்துத் துணியைப் பற்றி இவர் ஒரு அத்தியாயம் எழுதியிருந்தார். அவ்வளவு பெரிய துணியை விரித்தால், கிட்டே போய் நெற்றியை வைக்கிறவனுக்குக் கீழ்க்கரை மட்டும்தான் தெரியும். முகம் தெரிய வேண்டுமானால் அடுத்த மலைக்குப் போய் நிற்க வேண்டும். ஆகையால் அது ஒரு படமில்லை, இரண்டு படம். தொடுகிறவனுக்கு ஒன்று, பார்க்கிறவனுக்கு ஒன்று. புத்தகத்தில் இருப்பது பார்க்கிறவனின் படம் மட்டும். தேர் இழுக்கிறவனுக்கு வடம்தானே தெரியும், தேரா தெரியும் என்று அவர் என்னிடம் கேட்டபோது எனக்கு விஷயம் சட்டென்று விளங்கிவிட்டது. பேராசிரியர் மட்டும், "இது கற்பனை, ஆதாரம் இல்லை, எடுத்துவிடு" என்றார். அந்த அம்மாவும் எடுத்துவிட்டார். எடுத்த அன்று அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அதுதானுங்ணா உசுரு" என்றார்.

அந்த நேரம் பார்த்து ஆர்டர் வந்தது. தேஜ்பூருக்கு மாற்றல். ஜூனில் போய்ச் சேர வேண்டும். வாய்மொழித் தேர்வு மே மாதக் கடைசியில். திருத்தி எழுதிக்கொண்டு அடுத்த தடவை வா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தீர்ந்தது, அசாமிலிருந்து எங்கே வருவது. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் பரோடாக்காரப் பெண்மணி, வருஷத்தில் பாதி நாள் தோள்பையோடு இமயமலை மடங்களில் சுற்றுகிறவர், நேரில் பார்க்காமல் எழுதுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது என்று கல்லூரியில் எல்லோரும் பயமுறுத்தினார்கள்.

பதினோராம் நம்பர் அம்மா பயப்படவில்லை, கல்லூரி மைதானத்தைக் கேட்டார். மொட்டை மாடியில் கொள்ளாத ஒரே படம் அந்தத் துணிதான். அதன் நாலு பக்கக் கோட்டையும் சுண்ணாம்புப் பொடியில் மைதானத்தில் போட்டுவிட்டால், தேர்வாளரை இரண்டாம் மாடி வராந்தாவில் உட்காரவைத்துக் காட்டலாம். அளவைப் பற்றிய ஆய்வுக்கு அளவையே சாட்சி சொல்லவைக்கலாம். லீவு நாள்தானே என்று பேராசிரியரும் ஒத்துக்கொண்டார்.

காலையில் ஆண்கள் போனோம். அவர் கணவர், விமானப்படையிலிருந்து அவருடைய நண்பர்கள் இரண்டு பேர், மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் மாலி, நான். என் மனைவி தள்ளிவிட்டதால் நான். ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டு எண் மட்டும் எழுதிக் கொடுத்திருந்தார் அந்த அம்மா. கட்டடத்துக்கு முன்னால் படத்தின் கால் பக்கம், மைதானத்தின் கோடியில் தலைப் பக்கம். கோடு ரன்வே மாதிரி நேராக வந்தது. அதில் ஒரு குறை சொல்ல முடியாது.

குறை வேறு இடத்தில் இருந்தது. கணவர் அப்போது தானோரிப் பக்கம் மனை பார்த்துக்கொண்டிருந்தார். மனை என்றால் முன்பக்க அகலம் முதலில், உள்நீளம் அப்புறம். அவர் முதல் எண்ணை அகலமாக எடுத்துக்கொண்டார். நான் பாங்கில் வீட்டுக்கடன் பிரிவு, எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. ஓவியக்காரர்கள் உயரத்தை முதலில் சொல்லுவார்கள் என்பது அங்கே நின்ற ஐந்து ஆண்களில் ஒருவருக்கும் தெரியாது.

என் மனைவியோடு ஆட்டோவில் வந்து இறங்கிய அந்த அம்மா வராந்தாவுக்கு ஏறிப் பார்த்தார். நெட்டாக நிற்க வேண்டிய படம் குறுக்கே படுத்திருந்தது. கணவர் அண்ணாந்து, "சரியா இருக்குதா?" என்று கீழேயிருந்து கேட்டார்.

"சாஞ்சு கெடக்குதுங்க" என்றார் அவர்.

விஷயம் புரிந்ததும் கணவர் சுண்ணாம்பு மூட்டையிடம் ஓடினார். அழித்துப் போட நேரமில்லை, மூட்டையில் பாதிச் சுண்ணாம்புதான் மிச்சம். அதற்குள் வாசலில் டாக்சி நின்றது. கட்டையாக வெட்டிய நரைமுடியோடு ஒரு சின்ன உருவம் இறங்கிப் படியேறி வந்தது. தேர்வாளர் வராந்தாவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்து, இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். பேராசிரியர் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். தவறு நடந்துவிட்டது, இது இப்படி இருக்கக் கூடாது, ஆய்வேட்டை மட்டும் வைத்துப் பார்க்கலாம், என்று என்னென்னவோ சொன்னார்.

பதினோராம் நம்பர் அம்மா இந்தியில் குறுக்கிட்டார். அவருடைய இந்தி ராணுவக் குடியிருப்பு இந்தி, தடையில்லாமல் வரும். "அது படுத்திருந்தால் நாம் சுற்றிப் போய் நின்றுகொள்ளலாம் மேடம், வாருங்கள்" என்றார். சொல்லிவிட்டு யாருக்கும் காத்திராமல் படி இறங்கினார். மிச்சச் சுண்ணாம்பில் எதிர்க்கோடியில் முகத்துக்கு ஒரு வட்டம் மட்டும் போடச் சொல்லிக் கணவரை அனுப்பினார். நாங்கள் எல்லோரும் மைதானத்தின் பக்கவாட்டில், மதில் ஓரமாகப் போனோம். இப்போது படத்தின் கீழ்க்கரை எங்கள் காலடியில் இருந்தது.

வராந்தாவிலிருந்து பளிச்சென்று தெரிந்தது எதுவும் இங்கே தெரியவில்லை. காலுக்குக் கீழே ஒரு வெள்ளைக் கோடு, இரண்டு பக்கமும் போய்க்கொண்டே இருந்தது. அதற்கு அப்பால் புல்லும் வெயிலும். முகத்துக்குப் போட்ட வட்டம் எங்கே என்றே புரியவில்லை. பேராசிரியர் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இங்கிருந்து ஒன்றுமே தெரியவில்லையே" என்றார்.

"ஆமாம் சார். அதைத்தான் எழுதியிருந்தேன்" என்றார் அவர்.

தேர்வாளர் எங்களைப் பார்க்கவில்லை, காலடிக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். யாருடைய பரீட்சைக்கோ நான் வேண்டிக்கொண்டிருந்தேன். மாற்றல் ஆர்டர் நினைவுக்கு வந்தது, பாதியில் விட்ட இரண்டு படிப்பும் நினைவுக்கு வந்தது. ஏதாவது சொல்லித் தொலையேன் அம்மா என்று அந்தத் தேர்வாளரை மனதுக்குள் திட்டினேன்.

"நான் இது போன்ற ஒன்றுக்குப் போயிருக்கிறேன்" என்றார் தேர்வாளர் கடைசியில். "லடாக்கில், மலை ஏறி, நாள் கணக்காகக் காத்திருந்து. காலையில் விரித்தார்கள். கூட்டம் பின்னாலிருந்து தள்ளியது. என் நெற்றி துணியில் போய் இடித்தது. ஒரு நீலக்கரை, அதில் ஒரு தையல். அதுதான் பார்த்தேன். அதற்குள் சுருட்டிவிட்டார்கள். முகத்தை நான் பரோடாவுக்குத் திரும்பிப் போய்ப் புத்தகத்தில்தான் பார்த்தேன்." பிறகு அந்த அம்மாவிடம் திரும்பி, "இதை எழுதியிருந்தேன் என்கிறீர்கள். நான் படித்த பிரதியில் இல்லையே?" என்று கேட்டார்.

"நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்றார் பேராசிரியர். அந்த மனிதரிடம் எனக்குப் பிடித்தது, அதைச் சொல்ல அவர் ஒரு நொடி தயங்கவில்லை.

தேர்வாளர் செருப்பைக் கழற்றிக் கோட்டுக்கு வெளியே விட்டுவிட்டு, படத்துக்குள் நடக்க ஆரம்பித்தார். பேராசிரியரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னாலேயே போனார். மே மாதத்து வெயில், தரை சுட்டிருக்கும், பாதி வழியில் நின்றுவிட்டார். தேர்வாளர் நிற்கவில்லை. போய்க்கொண்டே இருந்தார். முகத்து வட்டத்தில் போய் நின்றபோது அவர் ஒரு விரல் உயரம்தான் தெரிந்தார். எங்களைப் பார்த்துத் திரும்பிக் கையை உயர்த்தி என்னமோ சொன்னார். காற்று அதை வேறு பக்கம் கொண்டுபோய்விட்டது.

படத்தின் மார்பில் நின்ற பேராசிரியருக்கு அது கேட்டது. அவர் திரும்பி, வட்டம் போட்டுத் திரும்பும் வழியில் மடியில் நின்றுகொண்டிருந்த கணவரைப் பார்த்துக் கத்தினார். கணவர் எங்களைப் பார்த்துத் திரும்பினார். வாயைச் சுற்றிக் கையைக் குவித்துக்கொண்டார். அவ்வளவு சத்தமாக அவர் பேசி நான் அன்றுதான் கேட்டேன்.

"ஒத்துக்கிட்டாங்களாமா. எடுத்ததத் திருப்பிச் சேத்துக் குடுத்தாப் போதுமாமா. ஃபர்ஸ்ட் கிளாசு. பாஸாயிட்டே."

என் மனைவி அந்த அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டாள். என் சொந்தப் பெண் பாஸான அன்றுகூட நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. மாலி எதற்கென்று தெரியாமலே கை தட்டினான். விமானப்படை நண்பர்கள் இரண்டு பேரும் தொப்பியைக் கழற்றி ஆட்டினார்கள்.

பதினோராம் நம்பர் அம்மா மட்டும் அழவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அதெப்படிங்ணா? ஒரு கேள்விகூடக் கேக்கலியே. நான் எல்லாம் படிச்சிட்டு வந்திருக்கறனுங்க."

"பாஸ் போட்டுட்டாங்களேம்மா, இன்னும் என்ன?"

"கேள்வி கேக்காத பாஸு எனக்கு எதுக்குங்ணா" என்று சொல்லி, என் மனைவியின் கையை மெல்ல எடுத்துவிட்டு, பட்டுப்புடவையின் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கீழ்க்கரையைத் தாண்டி உள்ளே நடந்தார். மடியில் நின்ற கணவரைக் கடந்தார். மார்பில் நின்ற பேராசிரியரைக் கடந்தார். அவரும் சுடுகிற காலோடு கூடவே கிளம்பினார். இருவரும் சின்னதாகிச் சின்னதாகி முகத்துக்குள் போய்ச் சேர்ந்தார்கள்.

அங்கே மூன்று பேர் நின்று பேசுவது தெரிந்தது. ரொம்ப நேரம் பேசினார்கள். கரையோரம் நின்ற எங்களுக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த அம்மா இரண்டு கையையும் முடிந்தவரை அகல விரித்து, தேர்வாளருக்கு எதையோ அளந்து காட்டிக்கொண்டிருந்தார்.